புதன்கிழமை மட்டும் போடும் ஊசி

என் சின்ன மகளுக்கு ஒன்றரை வயதில் போட வேண்டிய தட்டம்மை ஊசி மூன்று மாதம் தள்ளிப்போய்விட்டது. மறதியால் அல்ல. எங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போடுவது புதன்கிழமை மட்டும். பனியன் கம்பெனியில் எனக்குத் துணியை ஓரம் சேர்த்துத் தைக்கும் ஓவர்லாக் மெஷின். நான் எழுந்துவிட்டால் எனக்கு அடுத்து இருப்பவர்கள் கைக்குத் துணி வராது. ஷிப்மெண்ட் நெருங்கும்போது புதன்கிழமை லீவு கேட்பதும் வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்பதும் ஒன்றுதான். மகள் லேசாகத் தும்மினாலும் சட்டையைத் தூக்கி முதுகில் சிவப்பாக ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பேன்.

தைத்து வந்ததைச் சரிபார்க்கும் செக்கிங்கில் இருந்த தாராபுரத்து அக்காவிடம் ஒருநாள் டீ நேரத்தில் சொன்னேன்.

"எம் பையனுக்கும் ரெண்டு ஊசி விட்டுப்போச்சு கண்ணு. ஞாயித்துக்கெழமையும் போடச் சொல்லி மனுக் குடுக்கலாம். நீயே எழுது. உன்ற கையெழுத்துதான் படிக்கற மாதிரி இருக்குது."

நான் எட்டாவதோடு நின்றவள். அதுவரை எழுதியதெல்லாம் லீவு லெட்டர்தான். அதே தோரணையில் எழுதினேன். எங்கள் இடத்தில் மட்டுமல்ல, கம்பெனிகள் இருக்கிற எல்லா இடத்திலும் ஞாயிற்றுக்கிழமை ஊசி வேண்டும் என்று அக்கா ஒரு வரி சேர்க்கச் சொன்னார். பேராசையாகத் தெரியுமோ என்று எனக்கு உறுத்தல். ஆனாலும் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

ஒரு ஷிப்மெண்ட் போய், அடுத்த துணி புதன்கிழமைதான் வரும் என்பதால், திங்கட்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு நானும் அக்காவும் கலெக்டர் ஆபீஸ் போனோம். வாசலில் மனு எழுதித் தருபவர் எங்கள் தாளை வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க, பேருக்குப் பக்கத்துல இதென்ன நம்பருங்க? எல்லாரும் ஜெயில்ல இருந்து வர்றீங்களா?"

டோக்கன் நம்பர். கம்பெனியில் எந்தத் தாளில் கையெழுத்துப் போட்டாலும் பக்கத்தில் அதை எழுதுவோம். பழக்கதோஷத்தில் நாற்பது பேரும் எழுதியிருந்தார்கள். விலாசம் ஒருத்தர்கூட எழுதவில்லை.

"விலாசமில்லாம பதில் யாருக்குங்க அனுப்புவாங்க?"

தாளை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். விலாசம் கிடக்கட்டும், அந்த நம்பரை வைத்து யார் யார் என்று கம்பெனிக்குத் தெரிந்துவிடுமே. "கிழிச்சுப் போட்டுட்டு ஊட்டுக்குப் போயிரலாங்க்கா" என்றேன்.

"கிழிச்சா உம் புள்ளைக்கு ஊசி போட்ட மாதிரி ஆயிருமா? விலாசத்த எழுது. உனக்குப் பக்கத்துல பட்டன் மெஷின்ல இருக்கறாளே, அவ ஊடு எங்க?"

தெரியவில்லை. ஆறு வருடமாகப் பக்கத்து மெஷின். அவளுடைய டோக்கன் நம்பரைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன், வீடு எந்தத் தெரு என்று தெரியாது. அக்காவுக்கும் தெரியவில்லை. மனுவைக் கொடுக்காமலே திரும்பினோம்.

அடுத்த இரண்டு ஞாயிறும், கம்பெனி ஆட்கள் அதிகம் குடியிருக்கும் நல்லூர்ப் பக்கம் சந்து சந்தாக நடந்தோம். ஒருத்தி கூடவே வந்து இன்னொருத்தி வீட்டைக் காட்டினாள். பட்டன்காரி எங்களைப் பார்த்ததும், "கம்பெனில கேட்டா நூல்கூடக் கடன் தர மாட்டேங்கற, இப்ப ஊடு தேடி வந்துட்டயா?" என்றாள். டீ குடிக்காமல் விடவில்லை. விலாசத்தோடு குழந்தையின் ஊசி அட்டையையும் காட்டச் சொன்னோம். எத்தனையோ அட்டைகளில் கட்டங்கள் காலி. பக்கத்து அறைகளில் குடியிருந்த பீகார் பெண்களும் தங்கள் அட்டைகளை எடுத்து வந்து நீட்டினார்கள். எந்தக் குழந்தைக்கு எது விட்டுப்போனது என்று புதுத் தாளில் எழுதினேன். இந்த முறை டோக்கன் நம்பர் இல்லை.

மனுக் கொடுத்துச் சில வாரம் கழித்து சுகாதார நிலையத்து டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். எல்லா இடத்துக்கும் என்பதை மேலிடத்துக்கு எழுதியிருக்கிறாராம். இங்கே மட்டும் முதலில் ஒரு ஞாயிறு போட்டுப் பார்க்க அனுமதி வந்திருக்கிறதாம்.

"ஆனா, தட்டம்மை மருந்து பாட்டிலைத் திறந்தா நாலு மணி நேரந்தான். ரெண்டு குழந்தைக்காகத் திறந்து மிச்சத்தைக் கொட்ட முடியாதும்மா. கூட்டம் வரலைன்னா அடுத்த மாசம் கேக்க முடியாது."

எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருந்தும், அந்த ஞாயிறு ஒன்பது மணிக்கு பெஞ்சில் நானும் மகளும் மட்டும். ஒன்பதரைக்கு அக்கா தன் பையனோடு வந்தார். பத்து மணிக்கு பட்டன்காரி. வாரத்தில் ஒருநாள் லீவு, துணி துவைக்க வேண்டும், சந்தைக்குப் போக வேண்டும், எதற்கு வருவார்கள் என்று வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

"உக்காரு கண்ணு. நீ நடக்கறதப் பாத்தே புள்ளைக அழுதுரும்" என்றார் அக்கா.

பத்தேகாலுக்கு ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பீகார் பெண்கள் ஐந்து பேர், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குழந்தைகளோடு இறங்கினார்கள். பின்னாலேயே எங்கள் தையல் லைன் பெண்கள் நடந்து வந்தார்கள். நர்ஸ் எட்டிப் பார்த்து விரலால் எண்ணிவிட்டுப் பாட்டிலை எடுத்தார்.

"முதல்ல யாருங்க?"

மூன்று மாதம் தவித்தவள், காய்ச்சல் வந்தால் நாளைக்கு வேலைக்கு எப்படிப் போவது என்று அந்த நேரம் பார்த்துப் பின்வாங்கினேன். அக்கா முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார். மகள் வீறிட்டு அழுது, உடனே ஓய்ந்தாள். நர்ஸ் அட்டையின் காலிக் கட்டத்தில் தேதி எழுதினார். மை காயும்வரை அதை மடிக்காமல் பிடித்துக்கொண்டு, அடுத்த குழந்தைக்கு வழிவிட்டு நின்றேன்.