மாமியார் பக்கத்தில் இருந்ததால் சொன்ன பொய்

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு தை மாதத்தில் ஓசூரில் நடந்தது இது. அங்கே ஒரு கம்பெனியில் அசெம்பிளி லைனில் வேலை பார்க்கிறேன். ஷிப்ட் முழுக்க நின்றபடியேதான் வேலை. என் பெண்ணுக்கு அப்போது மூன்று வயது. அவளைப் பார்த்துக்கொள்ள மாமியார் கல்லாவியிலிருந்து வந்து எங்களோடு இருந்தார்.

மாமியார் நல்லவர்தான். ஆனால் 'அடுத்தது எப்போ?' என்று கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. எனக்கும் வீட்டுக்காரருக்கும் இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று இருந்தது. அதை அவரிடம் சொல்லும் தைரியம்தான் இரண்டு பேருக்கும் இல்லை. லைனில் என்னோடு வேலை செய்யும் தோழி, தான் சாப்பிடும் கருத்தடை மாத்திரையின் காலி அட்டையைக் கொடுத்தாள். அதை மெடிக்கலில் நீட்டினேன், மாத்திரை கைக்கு வந்துவிட்டது. கடைக்காரர் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. கைப்பையின் உள் ஜிப்பில் ஒளித்துவைத்து, மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டேன். நாள் தவறாமல் சாப்பிட்டால் போதும், வேறு என்ன ஜாக்கிரதை வேண்டும் என்று என் நினைப்பு.

அப்போதுதான் இடது கெண்டைக்காலில் வலி ஆரம்பித்தது. நின்று வேலை செய்கிறவளுக்குக் கால்வலி ஒரு விஷயமா என்று விட்டுவிட்டேன். இரண்டாம் நாள் அந்த ஒரு கால் மட்டும் வீங்கிப்போய், தொட்டால் சுட்டது. சுளுக்குதான் என்று மாமியார் தீர்ப்பே சொல்லிவிட்டார். சூளகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் சுளுக்கு வழிக்கிறவர் இருக்கிறார், எண்ணெய் போட்டு அழுத்தி நீவினால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தும் வந்தார். மறுநாள் காலை குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம்.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஏறி உட்கார்ந்தோம். பஸ் எடுக்க நேரம் இருந்தது. தோழிக்குப் போன் போட்டு, லீவு சொல்லிவிடச் சொன்னேன். அவள் ஆனேக்கல் பக்கத்துப் பெண், கன்னடத்தில்தான் பேசுவோம். நான் பிறந்தது அஞ்செட்டிப் பக்கம் என்பதால் எனக்குக் கன்னடம் தண்ணி பட்ட பாடு. மாமியாருக்கு ஒரு வார்த்தை தெரியாது.

எதிர் சீட்டில் என் வயதுப் பெண் ஒருவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுளுக்கு நீவப் போகிறோம் என்று மாமியார் சொன்னதும், தான் நர்ஸ் என்றும், டூட்டிக்குப் போவதாகவும் சொல்லிவிட்டு, இரண்டு காலையும் சேர்த்துவைத்துப் பார்த்தார். சமீபத்தில் பிரசவமா, ஆபரேஷனா என்று கேட்டார். இல்லை என்றேன். மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றார். அதற்கும் இல்லை என்றேன். சொல்லும்போது என் கண் மாமியார் பக்கம் போய்வந்ததை அந்த நர்ஸ் கவனித்திருக்க வேண்டும்.

நான் போனில் கன்னடம் பேசியதையும், மாமியார் அது புரியாமல் விழித்ததையும் பார்த்திருப்பார்போல, உடனே கன்னடத்துக்கு மாறினார். பஸ் எத்தனை மணிக்கு எடுப்பான் என்று விசாரிக்கிற மாதிரியான குரலில், குழந்தை தள்ளிப்போக மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆமாம், மூன்று மாதமாக என்றேன். வீட்டில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்றார். பிரசவத்துக்குப் பிறகு என் அக்காவுக்குக் காலில் ரத்தம் உறைந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னதும் அவர் எழுந்துவிட்டார்.

மாமியாரிடம் தமிழில் சொன்னார்: "அம்மா, இது சுளுக்கு மாதிரி தெரியல. உள்ள ரத்தம் உறைஞ்சிருக்கும்போல. நீவுனா கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிரும். மொதல்ல ஆஸ்பத்திரிக்கு வாங்க."

மாமியார் லேசில் விடவில்லை. இவளுக்கு என்ன தெரியும் என்று முணுமுணுத்தார். அந்த நர்ஸோ தன் பஸ்ஸை விட்டுவிட்டு எங்களோடு இறங்கி, ஆட்டோவில் ஆஸ்பத்திரி வரை வந்தார். வாசலில் என் கையைப் பிடித்து, மறுபடி கன்னடத்தில், டாக்டரிடம் மறைக்காதீர்கள், உங்கள் அத்தையின் கோபம் நாலு நாளில் போய்விடும் என்றார். நான் பெயர் கேட்பதற்குள் போய்விட்டார்.

டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார். மாமியார் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஆமாம் என்றேன். ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. அன்றே அட்மிட் செய்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஊசி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை.

அந்தக் கருத்தடை மாத்திரை கெட்டதில்லை, பலருக்கு ஒத்துப்போகும், உனக்குத்தான் ஆகாது என்றார் டாக்டர். ரத்த அழுத்தம் பார்த்து, குடும்பத்தில் யாருக்கு என்ன இருந்தது என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டுமாம். அடுத்தவள் அட்டையைக் காட்டி நான் வாங்கியதைச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டார். தோழியும் பயந்துபோய்ப் பரிசோதித்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

மாமியார் நாலு நாள் என்னிடம் பேசவில்லை. ஆனால் மூன்று வேளையும் சாப்பாடு வந்தது. ஐந்தாம் நாள் தட்டை நீட்டியபடி, "இப்ப வேணாம்னா வேணாம்னு வாய்விட்டுச் சொல்றதுக்கென்ன? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுருவேன்?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிறகு காப்பர் டி போட்டுக்கொண்டபோது அவரேதான் துணைக்கு வந்தார், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான்.

இப்போதும் அந்த வழியில் போகும் பஸ்களில் அந்த நர்ஸின் முகத்தைத் தேடுகிறேன், இதுவரை கண்ணில் படவில்லை. நான் சொன்ன 'இல்லை'யை நம்பிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கலாம். நம்பாமல், என்னைக் காட்டியும் கொடுக்காமல், இன்னொரு முறை கேட்டாரே, அந்தக் கேள்வியால்தான் என் மகள் இன்று தாயோடு இருக்கிறாள்.