சிவப்புச் சினை

என் தட்டில் மட்டும் எப்போதும் சிவப்புச் சிப்பிதான் விழும். கல்யாணமாகித் தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கடற்கரை வீட்டுக்கு வந்த புதிதில் அதைச் செல்லம் என்று நினைத்துக்கொண்டேன். குலசேகரத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவள் நான். சிப்பியில் ஆண் பெண் உண்டு என்பதைப் பாடப்புத்தகத்தில் படித்து மார்க் வாங்கியிருந்தேனே தவிர, தட்டில் பார்த்து அடையாளம் சொல்லத் தெரியாது. ஆண் சிப்பியின் சதை வெளுப்பு. பெண் சிப்பி சினை பிடித்தால் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். இந்த வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

எனக்கு ஏன் சிவப்பு மட்டும் என்பது அடுத்த வருடம் புரிந்தது. என் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. கிறிஸ்துமஸை ஒட்டி லீவில் வருவார், பொங்கல் கழிந்ததும் போய்விடுவார். கடல் அடங்கிப் பாறைகளில் சிப்பி எடுக்கிற காலமும் அதுதான். அவர் வீட்டில் இருக்கும் அந்தச் சில வாரங்கள், வீடே சேர்ந்து எனக்குச் சினை ஊட்டியது. யாரும் காரணம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அல்லது சிரித்திருப்பேன். ஒன்றும் சொல்லாமல் ஊட்டுகிறவர்களை என்ன செய்வது?

ஊட்டியவர் மைனி, என் கணவரின் அக்கா. அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். அவருடைய வீட்டுக்காரர் பாறையில் மூழ்கிச் சிப்பி பெயர்த்து வருவார். மைனி அதைக் கழுவி, அவித்து, வாய் திறந்த ஓட்டிலிருந்து சதையைப் பிடுங்கி, பாறையைப் பற்றியிருக்கும் முடியைக் கிள்ளி எறிந்து, அப்படியே இரண்டாகப் பிரிப்பார். வெளுப்பெல்லாம் பெரிய சட்டிக்கு. சிவப்பெல்லாம் ஒரு சின்னக் கிண்ணத்துக்கு. சில சிப்பிகளுக்குள் பட்டாணி அளவில் ஒரு மெத்தென்ற நண்டு உட்கார்ந்திருக்கும். சிப்பி கடல்நீரை வடிகட்டிச் சேர்க்கிற சாப்பாட்டில் பாதியை அது தின்றுவிடும். "இவன் வாடகை குடுக்காம குடியிருக்கிற ஆளு" என்று மைனி அதை எடுத்துப் பூனைக்குப் போடுவார். நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே கிண்ணம் நிறைவதைப் பார்ப்பேன்.

சாப்பாட்டு நேரம் வந்தால் எனக்கு உடம்பு கூசும். மரச்சீனிக் கிழங்கு எல்லோருக்கும் விழும், வெளுத்த சிப்பி எல்லோருக்கும் விழும், பிறகு மைனி அந்தக் கிண்ணத்தோடு என்னிடம் வருவார். "தின்னு மக்கா, நல்லதாக்கும்." அத்தனை கண்களும் என் தட்டில் இருக்கும். எதற்காகத் தின்கிறேன் என்று அங்கே ஒவ்வொருவருக்கும் தெரியும். அன்று இரவு நாங்கள் அறைக்கதவைச் சாத்துவதையும் இப்படித்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றும். எனக்கு வெட்கம் என்றால் இந்த வெட்கம்தான். குனிந்தபடியே தின்று முடிப்பேன். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, உள்ளுக்குள் கொஞ்சம் நம்பிக்கொண்டும் தின்றேன்.

போன டிசம்பரில் அவர் வந்து இறங்கிய வாரம் எனக்குக் கல்லூரியில் பிராக்டிகல் வகுப்பு இருந்தது. நான் விலங்கியல் ஆசிரியை. மெல்லுடலிகளைப் பிள்ளைகளுக்கு அறுத்துக் காட்ட வேண்டும். மைனியிடம் கேட்டு அவிக்காத சிப்பி ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு போனேன். ஒரு மாணவி திறந்த சிப்பியில் சிவப்பு சீராக இல்லை. வலை பின்னியது போல மஞ்சள் கலந்த சிவப்பு நூல்கள் சதை முழுக்க ஓடின. "மிஸ், இதுல நிறைய சினை இருக்கு போல" என்றாள். அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கலாம். ஒரு துணுக்கைக் கிள்ளி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

முட்டை ஒன்றுகூட இல்லை. நூல் நூலாகப் பைகள். பைகளுக்குள் புழுக்குஞ்சுகள். ஒவ்வொன்றுக்கும் மாட்டுக்கொம்பு போல இரண்டு வால், அதை நீட்டிச் சுருக்கி நெளிந்துகொண்டிருந்தன. புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன், உயிரோடு பார்த்தது அன்றுதான். தட்டைப்புழு வகை. சிப்பி மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் இழுக்கிற தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போகும். போய், சினை வளரவேண்டிய இடத்தில் கிளை விட்டுப் பரவும். சிப்பியின் சினையைத் தின்று தன் குஞ்சுகளை அந்த இடத்தில் நிரப்பிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மற்ற எல்லாவற்றையும்விட நிறைசூலி போலத் தெரியும். அந்தச் சிப்பிக்கு இனி முட்டை கிடையாது.

மாணவிகள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து "ஐயே" என்றார்கள். என்னை மேசைமேல் படுக்கவைத்து அவர்கள் பார்ப்பது போல எனக்கு முகம் எரிந்தது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, பாவம். கையை சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

இந்தப் புழு மனிதனை ஒன்றும் செய்யாது. அது போகவேண்டிய இடம் மீன் வயிறு. வேகவைத்துத் தின்றால் வெறும் சதைதான். சிவந்த சிப்பி எல்லாம் புழுச் சிப்பியும் அல்ல. பை முழுக்கத் தேடியும் அப்படி இன்னும் ஒன்றிரண்டுதான் கிடைத்தன. மீதியெல்லாம் சுத்தமான சினை. இவை அத்தனையும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, மாமியின், அதாவது என் கணவருடைய அம்மாவின், தம்பி குடும்பம் சாப்பிட வந்திருந்தது. எல்லோரும் உட்கார்ந்தோம். மைனி வழக்கம்போலக் கிண்ணத்தோடு வந்தார். மாமி தன் தம்பி மனைவியிடம் சற்றுப் பெருமையாகவே, "அவளுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கா கேட்டியா" என்றார். அந்த அம்மாள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "கர்த்தர் பாப்பாரு" என்றார்.

எனக்குள் என்னமோ அறுந்தது.

"மைனி, இது செனையே இல்ல" என்றேன். "புழு. புழு உள்ள போயி செனையைத் தின்னுட்டு அங்கயே குட்டி போட்டுக் கெடக்கு. அதுதான் இப்பிடிச் செவந்து தெரியுது. இது மலட்டுச் சிப்பி."

அன்றைய கிண்ணத்தில் இருந்தது எந்தச் சிவப்பு என்று நான் பார்க்கக்கூட இல்லை.

புழு என்றதும் பிள்ளைகள் வாயிலிருந்ததைத் துப்பினார்கள். விருந்தாளி அம்மாள் கிழங்கை மட்டும் தனியாக ஒதுக்கினார். அது போகட்டும். மாமி கையில் பிசைந்த உருண்டையோடு அப்படியே இருந்தார். என் கணவர் தட்டை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. புழுவுக்காக இவ்வளவு மௌனமா என்று ஒரு கணம் விளங்காமல் விழித்தேன். பிறகுதான் நான் சொன்ன ‘மலட்டு’ என்ற வார்த்தை என் காதிலேயே விழுந்தது. பதறிப்போய், "வேகவச்சா ஒண்ணும் செய்யாது, தின்னலாம்" என்று என்னென்னவோ பாடம் நடத்தினேன். யாரும் தின்னவில்லை.

கிணற்றடியில் பாத்திரம் தேய்க்கும்போது மைனியின் அருகில் போய் உட்கார்ந்தேன். சாம்பலைத் தொட்டுச் சட்டியைத் தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இம்புட்டு நாளும் நான் உனக்குப் புழுவையா தந்தேன்?"

"இல்ல மைனி. எல்லாம் அப்பிடி இல்ல. எப்பவாவது ஒண்ணு ரெண்டு. மத்ததெல்லாம் செனைதான்."

"பின்ன என்னத்துக்கு மக்கா அப்பிடிச் சொன்ன?"

நான் ஒரு தட்டை எடுத்துச் சாம்பலைத் தொட்டேன். மைனி சட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

"இந்த வீட்டுல நாங்க ஒருத்தரும் அந்த வாக்கச் சொன்னதில்லியே. ஊருல கேட்டவளுவளையும் சொல்ல விட்டதில்ல. நீயே கொண்டாந்து சோத்துக்கு முன்னால வச்சுட்டியே."

அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு நிலத்தில் புதைந்துவிடலாம் போல இருந்தது. கோபத்தை அவர்கள்மேல் எறிந்ததாக நினைத்திருந்தேன், என்மேல்தான் எறிந்திருக்கிறேன். வெட்கப்பட்டதெல்லாம் அவர்கள் பார்க்கிறார்களே என்றுதானே. அவர்கள் எதைச் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை நான் ஒருபோதும் யோசித்ததில்லை.

இரவு என் கணவர் வெகுநேரம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். "புழுன்னு மட்டும் சொல்லிட்டு விட்டிருக்கலாம், ஏட்டி" என்றார்.

பொங்கல் கழிந்தது. அவர் மஸ்கட்டுக்குப் புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு, மைனி மறுபடி சிப்பி ஆக்கினார். காலையில் சதை பிரிக்கும்போது எட்டிப் பார்த்தேன். சின்னக் கிண்ணம் இல்லை. சிவப்பும் வெளுப்பும் ஒரே சட்டியில் கலந்து கிடந்தன. சாப்பிட உட்கார்ந்தபோது மைனி வரிசையாக விளம்பி வந்தார். என் தட்டில் கரண்டிக்கு வந்தது விழுந்தது, எல்லாம் வெளுப்பு. யாரும் என் தட்டைப் பார்க்கவில்லை. மாமி கூரையைப் பற்றி ஏதோ சொன்னார், என் கணவர் விமான நேரத்தைப் பற்றி ஏதோ சொன்னார். இத்தனை வருடம் இப்படி ஒரு சாப்பாட்டுக்குத்தான் ஏங்கியிருந்தேன். கிழங்கைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டியின் ஓரத்தில் சிவந்த துண்டு ஒன்று கிடந்தது. மசாலாவில் வெந்த பிறகு எது சினை, எது புழு என்று எனக்கும் தெரியாது. மைனி கடந்து போவதற்குள் தட்டை நீட்டினேன். முகம் சூடேறியது.

"மைனி, அந்தச் செவப்பு எனக்கு."

மைனி என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அது என்னத்துக்கு மக்கா" என்றார் மெதுவாக. "அதுல ஒண்ணும் இல்லேன்னு நீதானே சொன்ன."

வெளுப்பில் நல்லதாக ஒன்று பார்த்து என் தட்டில் வைத்துவிட்டு, அடுத்த தட்டுக்குப் போனார்.