மைக் செட்காரர் நீக்கிய இரைச்சல்

"சனிக்கிழமை, மாலை 4.10. வடகவுஞ்சி, கேரட் கழுவும் கொட்டகை. லேசான மூடுபனி. மூன்று பேர். பாட்டு பதினோரு நிமிடம்." கேட்கும் கச்சேரிகளைக் குறித்துவைக்கும் என் குறிப்பேட்டில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மறுநாள் ஓரத்தில் சேர்த்தது: "மைக் செட்காரரிடம் எதையும் விளக்கவில்லை."

கொடைக்கானலில் இப்படி, இரைச்சலையே இசையாக வாசிக்கும் ஒரு நாய்ஸ் ராக் குழு இருந்தது பத்துப் பேருக்குத் தெரிந்தால் அதிகம். கிட்டார் வாசித்தவர் ஜீப் ஓட்டுநர். டிரம்ஸ் அடித்தவர் வீட்டுக் கொட்டகை அது. கடைசி லோடு கேரட் இயந்திரத்தில் உருளும்போது, அந்தக் கடகடப்பின் மேலேயே வாசிப்பார்கள். கிட்டாரை ஒலிபெருக்கிக்கு நேரே பிடித்துக் கூவவிடுவார்கள். பாடியவள் விடுதி ஒன்றின் வரவேற்பாளர். பகலெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வதை அங்கே தொண்டை கிழியக் கத்துவாள்: "செக் அவுட் பதினோரு மணி சார்! ஹாட் வாட்டர் காலையில மட்டும்தான் சார்!" முதல்முறை கேட்டபோது சிரித்தேன். நாலாவது நிமிடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

திங்கட்கிழமை அவளுக்குத் துபாய் விமானம். அதோடு குழு கலைந்துவிடும். ஒரு பதிவாவது மிஞ்ச வேண்டுமென்று, தேவாலயத் திருவிழாக்களுக்கு மைக் செட் போடும் ஒருவரைச் சனிக்கிழமை நான்தான் அழைத்து வந்தேன்.

ஞாயிறு மதியம் பென் டிரைவோடு வந்தார். எல்லோரும் ஜீப்பில் உட்கார்ந்து கேட்டோம். இயந்திரம் இல்லை. கிட்டார் இல்லை. அவள் குரல் மட்டும், கத்தலெல்லாம் மட்டுப்பட்டு, லேசான எதிரொலியோடு.

"மிஷின ஆஃப் பண்ண மறந்துட்டீங்க போல. கிட்டாரும் ஒரே கூவல். வெள்ளனே எந்திரிச்சு ஒண்ணு விடாம எடுத்துட்டேன். இப்ப ஃபாதர் பிரசங்கம் மாதிரி கணீர்னு இருக்கு பாருங்க."

கிட்டார்காரர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தார். "அண்ணே, அந்தக் கூவலத்தாண்ணே நாங்க ரெண்டு வருசமா வாசிக்கிறோம்!"

"ஏலே, வெளையாடாத."

"ரிசப்ஷன்ல நான் பேசுற மாதிரியே இருக்குங்க," என்றாள் அவள்.

"ஒரிஜினல் இருக்குல்ல?" என்று கேட்டேன்.

"இன்னைக்குக் காலையில சர்ச்சுல பிள்ளைகளுக்குப் புதுநன்மைப் பூசை, அந்தச் சோலி இருந்துச்சுல்ல சார். கார்டு காலியா வேணும்னு அழிச்சுட்டேன்."

"வெரசா போயி திரும்ப வாசிச்சிரலாமா?" என்றார் டிரம்ஸ்காரர். அவள் மணியைப் பார்த்தாள். மதுரை பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம்தான் இருந்தது.

அவர்மேல் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. பூசை நடுவே மைக் கூவினால் அவர் பெயர்தான் கெடும். கூவலை ஒழிப்பதுதான் இத்தனை வருடமாக அவர் செய்துவந்த வேலை. நான் நிமிடம் குறித்தேன், பனி குறித்தேன். "இரைச்சலைத் தொடாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. இப்போதும் நினைத்தால் எரிச்சல் வருகிறது.

சனிக்கிழமை மூட்டை ஏற்ற வந்த வேன் ஓட்டுநர் ஒருவர் பாட்டு முடியும்வரை கைபேசியை உயர்த்திப் பிடித்திருந்ததாக டிரம்ஸ்காரர் சொல்கிறார். அய்யம்பாளையத்துக்காரராம். இரண்டு எண்கள் கிடைத்தன. ஒன்றில் வேறு யாரோ பேசுகிறார்கள். மற்றதை யாரும் எடுப்பதில்லை. அவர் பதிவு செய்தாரா, சிக்னல் தேடினாரா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.