வளைந்து போன பள்ளம்

நெட் கம்பெனிக்காரன் வண்டி வந்து நின்றதும் டியூஷன் டீச்சருக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. இருக்காதா பின்னே! ஆன்லைனில் கணக்குச் சொல்லித் தருகிறவள். தோட்டத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கும் வீடுகளில் கடைசி வீடு அவளுடையது. நெட் விட்டு விட்டு வந்ததில் பிள்ளைகள் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். "இந்தத் தடவையும் வயர் வரலைன்னா டவுனுக்குப் போயிடலாம்" என்று புருஷன் வீடுகூடப் பார்த்துவிட்டான். அவளுக்கோ இங்கிருந்து கிளம்ப மனசே இல்லை.

வந்தவன் கறாராகப் பேசினான். "வயர் பெரிய செலவில்லைங்க. பள்ளம் தோண்டுறதுதான் எங்களை முழுங்குது. டவுன்ல ஒரு பள்ளத்துக்கு நூறு வீடு. இங்க கத்தினாக்கூட கேக்காத தூரத்துல ஒவ்வொண்ணு. போட்ட காசை எந்தக் காலத்துல எடுக்கிறது?"

"பள்ளத்தை நாங்களே தோண்டிட்டா?"

"எல்லா வீடும் சேர்ந்தா வரேன். ஒண்ணு குறைஞ்சாக்கூடக் கட்டாது."

டீச்சர் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அப்புறம் பார்க்கணுமே! கடப்பாரையும் மண்வெட்டியுமாக மொத்தப் பேரும் இறங்கிவிட்டார்கள். கல்யாண வீடு தோற்றது போங்கள்!

வயரும் வந்தது. இழுத்துக்கொண்டே வந்தால், அவள் வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் சுருள் தீர்ந்துபோயிற்று. அட கஷ்டகாலமே! கம்பெனிக்காரன் அளந்தது நேர்கோட்டில். இவர்களோ என் எலுமிச்சை, என் மாட்டுக்கொட்டகை என்று ஆளாளுக்கு வளைத்துத் தோண்டியிருக்கிறார்கள். "ஒட்டுப் போட ஆள் வர ரெண்டு மாசம் ஆகுமே" என்று அவன் இழுத்தான். டீச்சர் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

இருந்ததிலேயே பெரிய வளைவு பக்கத்து வீட்டு டிரைவர் மாமாவுடையது. புதுசாக சிமெண்ட் பூசிய முற்றத்தைப் பள்ளம் முழுசாகச் சுற்றிப் போயிருந்தது. அதில் செருப்போடு மிதித்தாலே மனுஷர் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அவரிடம் யார் வாயைத் திறப்பது?

மாமாவே கடப்பாரையைத் தூக்கி, முற்றத்தின் நடுவில் நங்கென்று ஒரு போடு போட்டார்.

"ஐயோ மாமா, என்ன பண்றீங்க!"

"சும்மா இரும்மா. சிமெண்ட் எப்ப வேணா பூசலாம். நீ காலி பண்ணிட்டா ஒரு வீடு குறையும். இந்தத் தம்பி வயரைச் சுருட்டிக்கிட்டுப் போயிடுவாரு. அப்புறம் நாங்க காக்காகிட்டயா பேசிட்டிருக்கிறது?"

அவ்வளவுதான், ஆளுக்கொரு பக்கமாக எல்லோரும் உடைத்தார்கள். வயர் நேராக ஓடி, வாசலைத் தாண்டி, நடுவீட்டுக்கே வந்துவிட்டது. நெட் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தபோது டீச்சர் அழுதாள், சிரித்தாள், ரெண்டும் சேர்ந்தே வந்தது.

புருஷன் டவுன் வீட்டுக்காரருக்குப் போன் போட்டான். "மன்னிச்சுக்குங்க சார், நாங்க வரலை."

டீச்சர் அந்தப் போனை வெடுக்கென்று பிடுங்கினாள். "வரவே மாட்டோம் சார்!"