அத்தை மீன்தொட்டிக்குள் போன நாள்

நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது என் அத்தையை ஒரு சுவர் பிடித்துக்கொண்டது. பிறகு அவள் மீன்தொட்டிக்குள் போனாள். அப்படித்தான் நான் எல்லோரிடமும் சொன்னேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் சொந்த ஊர் சாத்தூருக்குத் தெற்கே இருக்கிறது. அப்பா ஓசூர் சிப்காட்டில் வண்டிகளுக்கு பிரேக் செய்யும் கம்பெனியில் சேர்ந்து சில வருடங்கள் கழித்து, செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்து அத்தையும் எங்களோடு வந்து சேர்ந்தாள். இரண்டு அறை வீட்டில் அவளும் நானும் ஒரே பாயில் படுப்போம். எங்கள் தெருவில் பாதிப் பேர் கன்னடம் பேசுவார்கள், பாதிப் பேர் தெலுங்கு. அத்தையும் நானும் இரண்டையும் பிடித்துக்கொண்டோம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கடைசிவரை நாக்கு வளையவில்லை. யாராவது கன்னடத்தில் ஏதாவது கேட்டால் அப்பா திரும்பி என்னைத் தேடுவார்.

அந்த வருடம் ஊரில் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்து முடித்துவிட்டார்கள். முடித்தது இரண்டு பெரியப்பாக்கள். அத்தையிடம் போனில் சொன்னார்கள். அவள் “சரிண்ணே” என்று சொல்லிவிட்டுப் போய் பாத்திரம் விளக்கினாள். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. சரி என்று சொன்ன பெண்ணிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

பெங்களூரில் இருந்த விஞ்ஞான மையத்தையும் அதை ஒட்டிய மீன் காட்சியகத்தையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அத்தைதான். “கல்யாணம் பண்ணிப் போய்ட்டா நம்ம ஊர்ல என்னத்தப் பாக்கப்போறா, கூட்டிட்டுப் போய்ட்டு வருவோம்” என்று அப்பா லீவு போட்டார். அப்பாவுக்குத் தங்கை என்றால் உயிர்.

பேருந்தில் அத்தை மடியில்தான் உட்கார்ந்தேன். அன்றைக்கு அவள் மடி வழக்கத்தைவிட மொத்தமாக, மெத்தை போல இருந்தது. அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் அவளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்து ஊற்றியது. சுடிதாருக்குள் இன்னொரு சுடிதார் போட்டிருக்கிறாள் என்பதைக் கழுத்தோரம் தெரிந்த பச்சைத் துணியில் நான் பார்த்துவிட்டேன். பெங்களூரில் குளிரும் என்று நினைத்துக்கொண்டேன்.

விஞ்ஞான மையத்தில் எங்களைத் தவிர நிறையக் கூட்டம் இல்லை. உள்ளே ஒரே இருட்டு. பொம்மைகளுக்கு மட்டும் விளக்கு. ஒரு சைக்கிளில் ஏறி மிதித்தால் பக்கத்துக் கண்ணாடியில் நம்மோடு சேர்ந்து ஓர் எலும்புக்கூடும் மிதித்தது. நான் நிறுத்தினால் அதுவும் நிறுத்தியது. அப்பா குண்டாகத் தெரிகிற கண்ணாடி முன்னால் நின்று வயிற்றைத் தட்டிச் சிரித்தார். அத்தை எதையும் பார்க்கவில்லை. ஒவ்வோர் அறைக்குள் நுழைந்ததும் கதவுகளைத்தான் பார்த்தாள்.

கடைசியாக நிழல் அறை. கறுப்புத் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். உள்ளே வெளிறிய ஒரு நீளச் சுவர். காவலாளி கன்னடத்தில் சொன்னதை நான் அப்பாவுக்குச் சொன்னேன். “சுவத்துக்கு முதுகு காட்டி நிக்கணுமாம்ப்பா. வெளிச்சம் வருமாம். ஆடக்கூடாதாம்.”

வரிசையாக நின்றோம். அப்பா, அம்மா, நான், ஓரத்தில் அத்தை. விளக்கு அணைந்தது. அந்த இருட்டில் திரை விலகிய சத்தம் கேட்டது. யாரோ பக்கத்தில் மூச்சு விட்டார்கள். சட்டென்று கண்ணைக் குத்துகிற மாதிரி ஒரு வெளிச்சம் அடித்து, அணைந்தது.

திரும்பிப் பார்த்தால் சுவர் முழுக்கப் பாசி நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதில் எங்கள் நிழல்கள் மட்டும் கறுப்பாக, நாங்கள் நகர்ந்த பிறகும் நகராமல் நின்றன. அப்பா நிழல், அம்மா நிழல், ரெட்டைச் சடையோடு என் நிழல். அடுத்து அத்தை. அத்தையின் கை ஒரு பக்கமாக நீண்டிருந்தது. அந்தக் கையை இன்னொரு கை பிடித்திருந்தது. அந்தக் கைக்கு ஒரு தோள் இருந்தது, ஒரு தலை இருந்தது.

“அத்தே, இது யாரு?” என்று திரும்பினேன். அத்தை இல்லை. அவள் நிழல் மட்டும் அங்கேயே நின்றது, யாருடைய கையையோ பிடித்துக்கொண்டு.

அம்மாவும் அதைப் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. நேராகப் போய் அந்த இரண்டு கைகள் மேலும் தன் முதுகை வைத்து, சேலை முந்தானையை விரித்துக்கொண்டு நின்றாள். “ஏங்க, நம்ம புள்ள நெழலப் பாருங்க, எலிக்குஞ்சு மாதிரி இருக்கு” என்றாள். அப்பா என் நிழலைப் பார்த்துச் சிரித்தார். பாசி வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, சுவர் பழையபடி வெறும் சுவராகும்வரை அம்மா அங்கிருந்து நகரவில்லை.

வெளியே வந்ததும்தான் அப்பா கேட்டார். “இவ எங்க?”

“மீன் பாக்கப் போயிருப்பா. வாங்க” என்றாள் அம்மா.

மீன் காட்சியகம் சுரங்கம் மாதிரி இருந்தது. இரண்டு பக்கமும் நீல வெளிச்சத்தில் தொட்டிகள், நடுவில் நாங்கள். எங்கள் முகங்களும் நீலமாகிவிட்டன. வாயைத் திறந்து திறந்து மூடுகிற மீன்கள் எல்லாம் எதையோ சொல்லவந்து சொல்லாமல் விடுவது போலிருந்தது. அப்பா முன்னால் வேகமாகப் போனார். அம்மா ஒவ்வொரு தொட்டியிடமும் நின்றாள். என் செருப்பு வார் சரியாகத்தான் இருந்தது. அதைக் குனிந்து மறுபடி மாட்டிவிட்டாள். பிறகு பாத்ரூம் போக வேண்டும் என்றாள். நான் அழ ஆரம்பித்திருந்தேன். என் அத்தையைச் சுவர் பிடித்துவைத்திருக்கும்போது இவளால் எப்படி நின்று நிதானமாக மீன் பார்க்க முடிகிறது?

அப்பா போன் போட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். உள்ளே ஒரு பெண் கன்னடத்தில், கோபமே இல்லாத குரலில், சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என்ன தாயி சொல்றா?”

“அணைச்சு வச்சிருக்காங்களாம்ப்பா.”

அப்பாவின் முகம் அப்போதுதான் மாறியது. வாசலில் இருந்த அறைக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் கூரையிலிருந்து ஒலிபெருக்கி பேசியது. ஓசூரிலிருந்து வந்தவள் என்று அத்தையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அவள் பெயரை அது சரியாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாத யாரையோ தண்ணீருக்குள் தேடிக் கூப்பிடுவது போலிருந்தது.

அங்கே நடுவில் இருந்த பெரிய தொட்டியை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். அதில் ஓர் ஆள் நீளத்துக்கு ஒரே ஒரு மீன், அசையாமல் கிடந்தது. கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். மீனுக்குப் பின்னால், தண்ணீருக்குள், அத்தை நின்றாள்.

துப்பட்டாவைத் தலைமேல் போட்டிருந்தாள். பச்சைச் சுடிதார். முகம் நெளிந்து நெளிந்து போனது. என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேல் பார்த்தாள். நிமிர்ந்தேன். என் பின்னால் அம்மா நின்றிருந்தாள். தொடக்கூடாது என்று எழுதியிருந்த கண்ணாடியில் அம்மா உள்ளங்கையை விரித்து அழுத்தினாள். தண்ணீருக்குள் அத்தையின் வாய் அசைந்தது. மதினி என்றுதான் அசைந்தது. அம்மாவை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். அப்போது அந்த மீன் மெதுவாகத் திரும்பி எங்களுக்குக் குறுக்கே போனது. அது கடந்து முடித்தபோது அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது.

“அத்தை தண்ணிக்குள்ள இருக்கா!” என்று அலறினேன். அப்பா எங்கிருந்தோ ஓடிவந்து, மறுபக்கம் சுற்றிப் போய்ப் பார்த்தார். நெளிந்த முகத்தோடு அந்தப் பக்கம் அப்பாதான் தெரிந்தார்.

“அங்க யாரும் இல்லங்க, புள்ள பயந்திருக்கு” என்றாள் அம்மா. அவள் கை சில்லென்று இருந்தது.

கதவு மூடும்வரை தேடினோம். போலீசுக்குச் சொல்லலாமா என்று காவலாளி கேட்டார். “வேணாம், வெளிய தெரிய வேணாம்” என்று அப்பா தமிழிலேயே சொன்னார். அதை நான் கன்னடத்தில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பும் வழியில் அப்பா குழந்தை போல அழுதார். எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டி நின்றபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊருக்குப் போன் செய்தார்.

அத்தை நன்றாகத்தான் இருக்கிறாள். அவள் கம்பெனியிலேயே வேலை பார்த்த, பாகலூர்ப் பக்கத்துத் தெலுங்கு பேசுகிறவரைக் கல்யாணம் செய்துகொண்டு ஆனேக்கல்லில் இருக்கிறாள். இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு அப்பா ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அம்மாவுக்கு முன்பே தெரியுமா, அந்த நிழலைப் பார்த்துத்தான் தெரிந்ததா என்று நான் இதுவரை கேட்கவில்லை. கேட்டாலும் மீன் பார்க்கப் போனதைப் பற்றித்தான் பேசுவாள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அடுத்த நாள் காலையிலேயே பெரியப்பாக்கள் இருவரும் ஊரிலிருந்து ஒரு வேன் வைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். காப்பி வேண்டாம் என்றார்கள். பெரிய பெரியப்பா என்னை மடியில் உட்காரவைத்து, அத்தையைக் கடைசியாக எங்கே பார்த்தாய், கூட யார் இருந்தது, எப்படி இருந்தான் என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். சுவரிலிருந்து ஒரு கை வந்து பிடித்தது, அவன் கறுப்பாக இருந்தான், முகம் இல்லை, பிறகு அத்தை மீனுக்குப் பின்னால் தண்ணீரில் நின்றாள். அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். நானும் மாற்றாமல் அதையே சொன்னேன். “ராத்திரியெல்லாம் காய்ச்சல், பெனாத்துது” என்றாள் அம்மா, கதவருகில் நின்று. பெரியப்பா பெருமூச்சு விட்டு என்னை இறக்கிவிட்டார்.

அவர்கள் இரண்டு நாள் ஓசூரிலும் பெங்களூரிலும் அலைந்துவிட்டுக் கிளம்பினார்கள். வழியனுப்பப் போனபோது வேனின் பின்சீட்டுக்கு அடியில் சாக்கில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிய நீளமான ஒன்றைப் பார்த்தேன். ஊரிலிருந்து அவர்கள் எப்போதும் எங்களுக்குக் காராச்சேவும் கருப்பட்டியும் கொண்டுவருவார்கள். இந்தமுறை ஒன்றும் தரவில்லை.

“பெரியப்பா, அது எங்களுக்கா?”

அவர் சாக்கைக் காலால் உள்ளே தள்ளிவிட்டு என் தலையைத் தடவினார்.

“இல்ல தாயி. உங்க அத்தைக்குக் கொண்டாந்தது.”

வேன் தெருமுனை திரும்பும்வரை கைகாட்டினேன். அத்தைக்காக அவ்வளவு தூரம் சுமந்து வந்ததைக் கொடுக்க முடியாமலே திருப்பிக்கொண்டு போகிறார்களே என்று எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது.