பனைமரத்தில் நான் கட்டிய விளக்கு

எண்பதுகளின் தொடக்கத்தில், ஓர் ஐப்பசி மாதம், பழவேற்காடு ஏரியின் கடல் பக்கத்துக் குப்பம் ஒன்றில் நடந்தது இது. குப்பத்தின் பெயர் வேண்டாம். அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. பழவேற்காடு டவுன்தான் சொந்த ஊர். மெட்ராஸில் ஒரு ஓட்டலில் இரண்டு வருஷம் லைட் போடும் வேலை பார்த்தேன். சனிக்கிழமை சாயந்திரமானால் அங்கே கீழ்த்தளத்தில் டிஸ்கோ நடக்கும். கலர் லைட்டை எப்போது அணைத்து எப்போது போட்டால் கூட்டம் கத்தும் என்பது எனக்கு அத்துப்படி. வேலை போய் ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் அந்தக் கிறுக்கு மட்டும் போகவில்லை. நமக்குத் தெரிந்தது இந்த ஊரில் எவனுக்குத் தெரியும் என்று ஒரு திமிர் வேறு.

குப்பத்தில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான். என் வயதுதான், கடலுக்குப் போகிறவன். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணல்மேட்டில் ஒரு பழைய கருவாட்டுக் கிடங்கு சும்மா கிடக்கிறது என்று அவன்தான் சொன்னான். போய்ப் பார்த்தேன். கூரை இருந்தது, சுவர் இருந்தது, நாற்றமும் இருந்தது. ஒரு கட்டு ஊதுபத்தி கொளுத்திவிட்டு வேலையை ஆரம்பித்தோம். வாடகைக்கு ஒரு ஜெனரேட்டர், ஒரு டேப் ரிக்கார்டர், இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. வலையில் கட்டுகிற பெரிய மிதவை ஒன்றில் உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஒட்டி, தூண்டில் நரம்பில் கட்டி நடுவில் தொங்கவிட்டேன். அது சுற்றும்போது கருவாட்டுக் கிடங்கின் சுவரெல்லாம் நட்சத்திரம் ஓடும். முதல் நாள் வந்த பதினைந்து பேரும் ஆட மறந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆடுவது சுலபம். ஆளைச் சேர்ப்பதுதான் பெரும்பாடு. இதற்கு முந்திய வருஷத் திருவிழாவில் ஒரு ரிக்கார்டு டான்ஸ் நடந்து அடிதடியில் முடிந்திருந்ததால், இனிமேல் குப்பத்தில் ஆட்டம் பாட்டம் எதுவும் கூடாது என்று ஊர்ப் பஞ்சாயத்தில் கட்டுப்பாடு. பாட்டுப் போட வேண்டுமென்றால் போலீசில் அனுமதி வாங்க வேண்டும், போய்க் கேட்டால் யார் என்ன என்று கிளறுவார்கள். ஆகவே எல்லாமே திருட்டுத்தனம்தான். நோட்டீஸ் அடிக்க முடியாது. டீக்கடையில் ஒருவன் காதில் சொன்னால் சாயந்திரத்துக்குள் பெரியவர்கள் காதுக்குப் போய்விடும். பொன்னேரி பஸ்ஸில் வருகிற பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன். நாள் சொன்ன அன்றைக்கு ஜெனரேட்டர் கிடைக்கவில்லை, எங்கிருந்தெல்லாமோ படகு பிடித்து வந்தவர்கள் என் தாயையும் தகப்பனையும் வாழ்த்திவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அதற்குப் பிறகுதான் அந்த யோசனை வந்தது. கிடங்குக்குப் பக்கத்தில் உயரமாக ஒற்றைப் பனை நின்றது. அதன் உச்சியில் ஒரு பெரிய பல்பைக் கட்டி, சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றினேன். அந்த விளக்கு எரிந்தால் இன்றைக்கு ஆட்டம் உண்டு, எரியாவிட்டால் இல்லை. யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. ஏரியைச் சுற்றியிருக்கிற குப்பங்களிலிருந்து அதைப் பார்த்துவிட்டுப் பையன்கள் தோணி தள்ளிக்கொண்டு வருவார்கள். என்னைப் போல மூளைக்காரன் உண்டா என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

விளக்கைக் கட்டிய அன்றே நண்பன் ஒன்று சொன்னான். "செகப்புத் தாள மட்டும் எடுத்துடாத. வெள்ள வெளக்குன்னா எங்க ஆளுங்களுக்கு அர்த்தம் வேற."

அந்த அர்த்தம் எனக்கும் தெரியாததில்லை. ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரம் வருஷத்துக்கு வருஷம் நகர்ந்துகொண்டே இருக்கும். லைட்ஹவுஸ் ஊர் எங்கே என்று காட்டுமே தவிர, இந்த வருஷம் வாய் எங்கே திறந்திருக்கிறது என்று காட்டாது. அதனால் கட்டுமரம் போனவர்கள் இருட்டுவதற்குள் திரும்பவில்லையென்றால், வீட்டுப் பெண்கள் முகத்துவாரத்துக் கரையில் கம்பம் நட்டு ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். வாய் நகர்ந்தால் கம்பமும் நகரும். கடலில் இருக்கிறவன் அந்த வெளிச்சத்துக்கு நேராக மரத்தை விடுவான். இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். தெரிந்திருந்து என்ன பிரயோஜனம்?

ஐப்பசி பிறந்ததும் தூறல் ஆரம்பித்தது. தூறலில் சிவப்பு விளக்கு அக்கரைக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் பதினோரு பேர் வந்தார்கள், அடுத்த வாரம் ஆறு பேர். எனக்கு மானம் போனது போல இருந்தது. மூன்றாவது வாரம் சாயந்திரம் பனைமரத்தில் ஏறினேன். நண்பன் உள்ளே ஸ்பீக்கர் ஒயரைக் கட்டிக்கொண்டிருந்தான், அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தாளைப் பிய்த்துக் கீழே போட்டுவிட்டு இறங்கினேன்.

பலன் உடனே தெரிந்தது. ஏழு மணிக்குள் நாற்பது பேர். கிடங்கு கொள்ளவில்லை. பாட்டுச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவது கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலை கால் புரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் வாசலில் நின்ற ஒருவன் உள்ளே ஓடி வந்து கையை ஆட்டிக் கத்தினான். என்ன சொல்கிறான் என்று கேட்கவில்லை. வெளியே மணலில் யாரோ ஓடுவது மட்டும் தெரிந்தது. போலீஸ் வந்துவிட்டது என்று நினைத்தேன். அப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்து வைத்திருந்தேன். ஜெனரேட்டரை நிறுத்திவிட வேண்டும். ஓடிப் போய் நிறுத்தினேன். பாட்டு நின்றது, உள்விளக்கு அணைந்தது, பனைமரத்து விளக்கும் அணைந்தது.

அந்த அமைதியில்தான் கேட்டது. கடல் பக்கத்திலிருந்து ஆள் கூப்பிடுகிற குரல். இருட்டில் எவனோ என் சட்டையைப் பிடித்து உலுக்கினான். "வெளக்கப் போடுடா. தண்ணில ஆளு கீது."

ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தேன். கிளம்பவில்லை. மறுபடி இழுத்தேன். கயிறு நழுவியது. எத்தனை தடவை இழுத்தேன் என்று தெரியாது. ஒரு விளக்கைப் போட்டு அவர்களை அலைக்குள் இழுத்தவனும் நான்தான், அவர்கள் தண்ணீரில் விழுந்த பிறகு அதை அணைத்தவனும் நான்தான். அந்தக் கொஞ்ச நேரம், என் விளக்கை முகத்துவாரத்து விளக்கென்று நம்பிக் கட்டுமரத்தை விட்ட மூன்று பேர் கரை எந்தப் பக்கம் என்று தெரியாமல் அலையில் கிடந்தார்கள்.

விளக்கு எரிந்தபோது நான் பார்த்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. அதுவரை ஆடிக்கொண்டிருந்த நாற்பது பேரும் கடலில் இருந்தார்கள். எல்லாரும் கடலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். கைகோத்துச் சங்கிலி போல நின்று ஒவ்வொருவராக இழுத்து வந்தார்கள். நீச்சல் தெரியாத நான் முழங்கால் தண்ணீரில் நின்று அழுதுகொண்டிருந்தேன்.

இரண்டு பேர் பிழைத்துக்கொண்டார்கள், சிராய்ப்போடு போயிற்று. மூன்றாமவருக்கு வலது கால், மணல்திட்டில் மோதிப் பிரிந்த கட்டுமரத்தின் கட்டைகளுக்கு நடுவில் மாட்டி நசுங்கியிருந்தது. தூக்கி வந்து வெளிச்சத்தில் கிடத்தியபோதுதான் முகம் தெரிந்தது. என் நண்பனின் அக்கா புருஷன். அந்த வீட்டில் எத்தனையோ தடவை உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

அவருக்கு நினைவு இருந்தது. பனைமரத்தைப் பார்த்தார். அப்புறம் நண்பனைப் பார்த்துக் கேட்டார். "நம்ம வெளக்க எப்பப்பா இங்க மாத்துனீங்க?"

வாய் நகர்ந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். உண்மையில் முகத்துவாரத்தில் அவருடைய மனைவி ஏற்றிய விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது. தூறலில் அது மங்கல். என்னுடையது பளிச்சென்று இருந்தது. நண்பன் என் பக்கம் திரும்பிப் பார்த்தான். அடித்திருந்தால்கூடத் தேவலை.

தோணியில் ஏரியைத் தாண்டி, டவுனில் ஒரு வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் நின்றது. முட்டிக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

நான் அவர்களோடு போகவில்லை. வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. போலீஸ் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. குப்பத்து ஆட்கள் வருவார்கள் என்று பார்த்தேன், அவர்களும் வரவில்லை. பஞ்சாயத்தில் அத்தனை பையன்களையும் நிற்க வைத்துக் கேட்டும் ஒருவன்கூட என் பெயரைச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்தது. அது தெரிந்ததும் உட்கார முடியவில்லை. மூன்றாம் நாள் நானே படகேறிப் போனேன்.

கோயில் பக்கத்தில் கூட்டம் கூடியிருந்தது. விளக்கு கட்டினது நான்தான், தாளைப் பிய்த்ததும் நான்தான், அணைத்ததும் நான்தான், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று ஒரே மூச்சில் சொன்னேன். யாரும் கை நீட்டவில்லை, திட்டவுமில்லை. அன்றைக்கு ஆட்டத்துக்கு வந்த குப்பத்துப் பையன்கள் முறை வைத்துக்கொண்டு அந்த வீட்டுக்காகக் கடலுக்குப் போக வேண்டும், கிடைக்கிற பங்கை அந்த வீட்டில் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு முடிந்திருந்தது. எனக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். "நீ எங்க ஊர் ஆளு இல்லியே" என்றார் ஒரு பெரியவர். அவ்வளவுதான்.

சும்மா திரும்பிப் போக மனம் வரவில்லை. நண்பனின் அக்கா ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னால் போய் நின்று, இந்த மழைக்காலம் முடிகிற வரைக்கும் தினமும் முகத்துவாரத்தில் நானே விளக்கேற்றிக் கடைசிக் கட்டுமரம் வருகிறவரை உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். பெரிய தியாகம் செய்கிறவன் போலத்தான் சொல்லியிருப்பேன், என் புத்தி அப்படி.

அவர் கோபப்படவில்லை. நிதானமாகத்தான் சொன்னார்.

"வேணாம் தம்பி. நீ ஏத்துற வெளக்க நம்பி எங்க ஆளுங்க எப்பிடி கரைக்கு வருவாங்க?"

படகேறித் திரும்பி வந்துவிட்டேன். அப்புறம் அந்தக் குப்பத்துக்கு நான் போகவில்லை, நண்பனும் என்னைத் தேடி வரவில்லை. ஒரு தடவை பொன்னேரி பஸ் ஸ்டாண்டில் அந்த அக்காவின் கணவரைத் தூரத்திலிருந்து பார்த்தேன். கட்டைக்கால் வைத்துக்கொண்டு, மீன் கூடை ஏற்றுகிறவர்களோடு ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போகத் தைரியமில்லாமல் வேறு பஸ்ஸில் ஏறிவிட்டேன். கோழைத்தனம்தான், வேறு என்ன சொல்வது?

மீஞ்சூருக்குக் குடிவந்து கல்யாண வீடுகளுக்கு லைட்டும் ஸ்பீக்கரும் கட்டித்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். கூட்டம் சேர்ப்பதில் நீ கில்லாடி என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு முகம் செத்துவிடும். நாலு பேரை நம்ப வைத்து வரவழைப்பது ஒரு திறமைதான். ஆனால் வருகிறவன் கால் வைக்கிற இடத்தில் கரை இருக்கிறதா என்று பார்க்காத என் திறமைக்கு விலை கொடுத்தது நான் இல்லை, அவர்.