ஹால்வார் திறந்த சன்னல்

ஹால்வாருக்குக் கப்பல் சமையலில் இது முப்பத்தோராவது வருஷம். ட்ரோம்சோ துறைமுகத்திலிருந்து வடக்கே போகும் ஆராய்ச்சிக் கப்பலில் அவர் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. பேத்தியின் ஞானஸ்நானத்தைப் பற்றியே வாரம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிறன்று பிள்ளையைக் கையில் ஏந்த வேண்டியவர் அவர்தான்.

ஜனவரி, சூரியனே எழாத துருவ மாதம். நடுமத்தியானத்திலும் கும்மிருட்டு. பனிக்கட்டிக்கு நடுவே ஒரு ஏரியளவு திறந்த நீரில் ஒன்பது நாளாக அடைபட்டுக் கிடந்தது கப்பல். எண்ண வந்தது முந்நூறு மீட்டர் ஆழத்து விளக்குமீன்களை; கப்பல் வெளிச்சம் பட்டாலே அவை ஓடிவிடும். அதனால் வலை இறங்கும்போதெல்லாம் வெளி விளக்கை அணைத்து, சன்னல்களை மூடிவிட வேண்டும். பதினெட்டுப் பேரும் ஒருவர் மூச்சை ஒருவர் இழுத்துக்கொண்டு உள்ளே கிடந்தார்கள். அன்று வலை கீழே இருக்கும்போது ஹால்வாருக்கு வெளியே பார்க்காமல் இருக்க முடியவில்லை. சமையலறைச் சன்னலின் மூடியைத் திறந்து வெளியே பார்த்தார். பின்னால் விளக்கு எரிவதையே மறந்து அப்படியே நின்றுவிட்டார்.

வலை வெறுமையாக வந்தது.

"மீனே இல்லைன்னு எழுதிடுங்க," என்றான் வலைக்காரன் யோஸ்தைன். "கிழக்கால பனி விலகியிருக்கு. இப்பவே கிளம்பினா தப்பிச்சோம். சாயங்காலத்துக்குள்ள மூடிக்கும்."

ஆய்வுத் தலைவி துரீட் பேனாவை எடுத்தாள். அவள் எழுதுவதை வைத்துத்தான், இந்தக் கடலில் சீல் என்னும் கடல்நாய்க்கும் காட் மீனுக்கும் இரை உண்டா என்று கரையில் முடிவு கட்டுவார்கள்.

ஹால்வார் கணக்குப் போட்டார். சொன்னால் மறுபடி வலை இறங்கும், பாதை மூடிவிடும். சும்மா இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டில். யாருக்குத் தெரியப்போகிறது?

"எழுதாத, துரீட். நான்தான் சன்னலத் திறந்தேன். விளக்கு எரிஞ்சுது."

"யோவ்! முப்பது வருஷமா கப்பல்ல குப்பை கொட்டுறீரு, பச்சப்புள்ள மாதிரி எட்டிப் பாத்தீரா? அங்க என்னத்தக் கண்டீரு?" என்று கத்தினான் யோஸ்தைன்.

"ஒண்ணுமில்லப்பா. இருட்டுதான்."

துரீட் பேனாவை வைத்தாள். "ஞாயித்துக்கிழமை ஞானஸ்நானம் இருக்கே, ஹால்வார்."

"தெரியும். வலைய இறக்கு."

சன்னல் மூடிமேல் மாவு மூட்டையைச் சாய்த்துவிட்டு, விளக்கையும் அணைத்து, நான்கு மணி நேரம் இருட்டில் உட்கார்ந்திருந்தார். வலையில் வந்தவை பதினொரு மீன்கள், ஒவ்வொன்றும் விரல் நீளம். துரீட் பதினொன்று என்று எழுதினாள். அதற்குள் கிழக்கே பனி மூடிவிட்டது. பதினொரு பொடி மீனுக்காக ஒரு மனிதன் தன் பேத்தியை விட்டுக்கொடுப்பதா? என்னைக் கேட்டால் அநியாயம் என்பேன். அவர் என்னைக் கேட்கவில்லை.

ஞாயிறன்று ட்ரோம்சோ தேவாலயத்தில் பிள்ளையை வேறு யாரோ ஏந்தினார்கள். அந்த நேரத்தில் ஹால்வார் பதினெட்டுப் பேருக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். சன்னல் மூடியிருக்கிறதா என்று இரண்டு தடவை எழுந்துபோய்ப் பார்த்தார்.